ஆம்பளை ஹை ஹீல்ஸ்

முகத்தைப் பார்த்துப் பேசாதவனை நம்பாதே என்று என் அம்மா சொல்வாள். எழுபதுகளின் நடுவில் ஒரு ஆறு மாதம் நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பீச் ஸ்டேஷன் வரைக்கும் எதிரே இருப்பவர்களின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, பாட்டம் கிழிந்த செருப்பு, ஆபீசர்களின் பாலிஷ் போட்ட கறுப்பு பூட்ஸ் என்று எல்லாம் வந்து போகும். நான் தேடியது வேறு. பார்ப்பதற்குச் சாதாரண ஆம்பளை பூட்ஸ் மாதிரி இருக்க வேண்டும். போட்டவனை நாலு விரற்கடையாவது தூக்கி நிறுத்த வேண்டும். சிரிக்காதீர்கள். எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

நான் குள்ளம். 'கொஞ்சம் உயரம் கம்மி' என்று மழுப்புகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குள்ளமென்றால் குள்ளம்தான், அதில் என்ன கொஞ்சம்? பள்ளிக்கூடத்தில் பிரேயருக்கு முன்வரிசை, போட்டோவுக்குத் தரையில் சம்மணம். பாரிமுனையில் நான் குமாஸ்தாவாக இருந்த ஆபீசில், 'கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே' என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது யாராவது சொல்லிவிட்டு என் முதுகில் தட்டுவார்கள். முப்பது வயது வரை அதையெல்லாம் துடைத்துப் போட்டுவிட்டு நன்றாகத்தான் இருந்தேன்.

பெண் பார்க்க ராஜகீழ்ப்பாக்கம் போனோம், நானும் அம்மாவும். பெண் ஆரம்பப் பள்ளியில் டீச்சர். குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வீடு கட்டியது. எங்களைப் போல அவர்களும் புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர்கள்தான். பெண்ணுக்கு அம்மா இல்லை. அப்பா வாய் திறக்காதவர். அவருடைய அக்காதான், பெண்ணுக்கு அத்தை, அந்த வீட்டின் சட்டமும் தீர்ப்பும்.

பெண் காபித் தட்டோடு வந்து என் முன்னால் நின்றாள். நான் மரியாதைக்கு எழுந்தேன். பரவாயில்லையே, என் உயரம்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தம்ளரை எடுத்தேன், குடித்தேன், திருப்பி வைத்தேன். அதுவரை அவள் அசையாமல் நின்றாள். அப்புறம் திரும்பி உள்ளே போனாள். போகிற வேகத்தில் மறந்துவிட்டாள் போல. வாசல்படிக்கு மேலே, வேத வசனம் எழுதிய கண்ணாடிச் சட்டம் ஒன்று கொஞ்சம் தாழ்வாகத் தொங்கியது. 'டங்' என்று அதில் போய் நெற்றி இடித்தது.

சட்டம் ஆணியில் இப்படியும் அப்படியும் ஆடியது. அத்தையின் முகம் செத்துவிட்டது. நான் எதை யோசித்தேனோ, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். பெண் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்த்தாள், அவளும் சிரித்தாள். இப்போது முழு உயரத்தில் நின்றாள். என் தலைக்கு மேலே நாலு விரல் இருந்தது.

கிளம்பும்போது அத்தையின் குரல் சமையல்கட்டிலிருந்து தெளிவாகவே கேட்டது.

"மாப்ளைக்கு என்ன கொறச்சல், நல்ல பையந்தான். தாலி கட்டுறதுக்குத்தான் கோயில்ல ஒரு முக்காலி போடணும்."

பஸ்ஸில் அம்மா கொதித்துக்கொண்டே வந்தாள். "முக்காலியாம்ல முக்காலி! வேண்டாம்டா இந்தச் சம்பந்தம். நெட்டையும் குட்டையுமா நின்னா ஊரே சிரிக்கும்" என்றாள். நான் அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். இடி வாங்கிவிட்டுச் சிரிக்கிற பெண்ணை வேறெங்கே போய்த் தேடுவது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

ஆனால் ஒரு விஷயம் என்னைக் குடைந்தது. எனக்கு எதையும் நோண்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. என் முன்னால் தட்டோடு நின்றபோது அவள் எப்படி என் உயரத்துக்கு இருந்தாள்? யோசித்து யோசித்துக் கடைசியில் பிடிபட்டது. சேலைக்குள்ளே முழங்காலை மடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். முடிகிற காரியமா அது? வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து வேட்டியைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தட்டைப் பிடித்து, முழங்காலை மடக்கி நின்று பார்த்தேன். ஒரு தம்ளர் காபி குடிக்கிற நேரம் ஆவதற்குள் தொடை வெடவெடவென்று நடுங்கியது. தம்ளர் கீழே உருண்டது.

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. கல்யாண ஆராதனை ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்கும். பாட்டு, ஜெபம், பிரசங்கம், தாலி, மறுபடி பாட்டு. அத்தை அவளை அவ்வளவு நேரமும் இப்படியே நிற்க வைப்பார். இதற்கு முன்னால் வந்த வரன்கள் இரண்டு மூன்று உயரத்தால்தான் தட்டிப்போயின என்று பிறகு கேள்விப்பட்டேன். அதனால்தான் இந்தப் பயிற்சி. தன் கல்யாணத்தில் ஒரு பெண் தொடை நடுங்க நிற்பதா? என் பக்கத்தில் நிற்பதற்காகவா? நான் விடமாட்டேன் என்று முடிவுசெய்தேன். அவள் நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் நான் உயர வேண்டும்.

கணக்கு எளிது. வீட்டுக்குள் எல்லோரும் வெறுங்கால், அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கல்யாணம் நடப்பது சர்ச்சில். எங்கள் தாம்பரம் சர்ச்சில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே ரயில்வே ஆட்களும் ஆபீசர்களும் பூட்ஸ் காலோடு உள்ளே வந்து பெஞ்சில் உட்காருவார்கள். மாப்பிள்ளை என்றால் கோட்டு, சூட்டு, பூட்ஸ். அந்த ஒரு மணி நேரத்துக்கு என்னைத் தூக்கிப் பிடிக்க ஒரு பூட்ஸ் போதும்.

அப்போது பெல்பாட்டம் காலம். மவுண்ட் ரோடு கடைகளில் உயரமான பூட்ஸுக்குப் பஞ்சமேயில்லை. கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் செங்கல் கனத்துக்கு அடிப்பாகம். மேலே மஞ்சள், சிவப்பு, நடுவில் வெள்ளைப் பட்டை. சினிமாவில் ஆடுகிற பையன்களுக்கு அது சரி. நான் அதைப் போட்டுக்கொண்டு பலிபீடத்துக்கு முன்னால் போய் நின்றால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் சர்க்கஸ் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு கடைக்காரரிடம், "இதே உயரத்துல, கறுப்புல, சாதாரணமா, ஆம்பளைங்க போடற மாதிரி இருக்கா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார், அதற்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை. "சார், ஹை ஹீல்ஸ்னா லேடீஸ் செக்‌ஷன் மாடில இருக்கு" என்றார்.

விஷயத்தை ஒருவனிடம் மட்டும் சொன்னேன். ஆபீசில் என் பக்கத்து மேஜைக்காரன், பல்லாவரத்து முஸ்லிம் நண்பன். அவனுடைய தாய்மாமன் பல்லாவரத்தில் தோல் வியாபாரம். பின்கட்டில் கொட்டகை போட்டு பூட்ஸும் தைத்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார்.

"இதுக்கா மச்சான் மூஞ்சிய தூக்கி வச்சிகினு கீறே? எங்க மாமு யானைக்குக்கூட பூட்ஸ் தெச்சிக் குடுப்பாரு. வா" என்றான்.

மாமு பாய் தடித்த, சந்தோஷமான மனிதர். எதைக் கேட்டாலும் 'ஆவும்' என்பார். ஆகாது என்ற வார்த்தையே அவருக்குத் தெரியாது. அதுதான் அவரிடம் இருந்த ஆபத்து. நான் கூச்சத்தோடு சொல்லி முடித்ததும் அவர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"கல்யாணம் சர்ச்சுலதானே? பூட்ஸ் போட்டுகினா உள்ள போவீங்க?"

"ஆமா பாய். எங்கள்ல அப்படித்தான்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நம்ம பள்ளிவாசல்ல வாசல்லயே வுட்ருவோம். சரி, உங்க வழக்கம் உங்களுக்கு. ஆவும் தம்பி!"

ஆயிற்று. பத்து நாள் கழித்து முதல் ஜோடி வந்தது. கறுப்புத் தோல், கயிறு கட்டுகிற மாதிரி, எல்லாம் ஒழுங்கு. போட்டுக்கொண்டு கொட்டகையின் சிமெண்டுத் தரையில் நடந்தேன். டக், டக், டக். நண்பன் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் திரும்பிக்கொண்டான். எனக்கும் அந்தச் சத்தம் எங்கேயோ கேட்டதாக இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸ் வராந்தாவில் வருகிற சத்தம் அது. கண்ணாடியில் பார்த்தால் கால் மட்டும் அந்தம்மாவினுடையது, மற்றதெல்லாம் நான்.

"இன்னா தம்பி, ஒயரம் கரெக்டா கீதா?" என்று மாமு பாய் ஆசையாகக் கேட்டார்.

"உயரம் கரெக்ட் பாய். ஆளுதான் மாறிட்டேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எந்த இடத்தில் பொம்பளையாகத் தெரிகிறது, சொல்லு, மாற்றிவிடலாம் என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் நான் ரயிலில் கால் பார்க்க ஆரம்பித்தது. எது ஒரு குதியை ஆம்பளையாக்குகிறது, எது பொம்பளையாக்குகிறது? கேள்வி மூளைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆபீசில் பைல் பார்க்கும்போதும் அதே யோசனை. போலீஸ்காரர்களின் பூட்ஸில் குதி உண்டு, ஆனால் உயரமில்லை. தாம்பரம் விமானப்படை ஆட்களின் பூட்ஸ் கனம் கனமாக இருந்தது, உயரம் கொஞ்சம்தான். லேடீஸ் கம்பார்ட்மெண்டிலிருந்து இறங்குகிறவர்களின் காலையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆசைதான். ஒரு நாள் சும்மா குனிந்ததற்கே ஒரு அம்மா குடையை ஓங்கினாள். அத்தோடு விட்டுவிட்டேன்.

அந்த ஆளைப் பார்த்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். கிண்டியில் ஏறினான். ஆங்கிலோ இந்தியன், கையில் உறை போட்ட கிடார், நெடுநெடுவென்ற நடை. என் கண் வழக்கம் போலக் கீழே போனது. கணுக்கால் வரை ஏறிய கறுப்பு பூட்ஸ், முன்பக்கம் கூர்மை, பின்னால் குதி. நல்ல உயரமான குதி! ஆனாலும் யாரும் அவனை லேடீஸ் செக்‌ஷனுக்கு அனுப்ப மாட்டார்கள். அவன் பரங்கிமலையில் இறங்கினான். நான் தாம்பரம் போக வேண்டியவன். வண்டி நகர ஆரம்பிக்கும்போது நானும் குதித்து இறங்கிவிட்டேன்.

பிளாட்பாரத்தில் கொஞ்ச தூரம் போனதும் அவன் சட்டென்று திரும்பினான்.

"இன்னா மேன், என் பின்னாடியே வர்றே? சி.ஐ.டி.யா நீ?"

"இல்ல சார். உங்க பூட்ஸ்..."

"பூட்ஸா? திருட்டு கிருட்டு இல்ல மேன், காசு குடுத்து வாங்கினது."

வேறு வழியில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கல்யாணம், நாலு விரல், முக்காலி, ஹெட்மிஸ்ட்ரஸ். அவன் கிடாரை பெஞ்சில் சாய்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு உட்கார்ந்து, ஒரு பூட்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தான். "பாத்துக்கோ மேன்" என்றான்.

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குதி பின்பக்கம் சுவர் மாதிரி நேராக இறங்கியது. மாமு பாய் தைத்ததில் அது உள்பக்கமாகச் சரிந்து கீழே சின்னதாகியிருந்தது, அதுதான் ஹெட்மிஸ்ட்ரஸ். இதில் அடி அகலம். நான்கைந்து தோலை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்திருந்தார்கள். முன்பக்கத்து அடித்தோலும் தடிமன். அதனால் குதியின் உயரம் கண்ணுக்குப் பாதிதான் தெரிந்தது. அட, இவ்வளவுதானா என்று இருந்தது.

இன்னொரு பூட்ஸையும் கழற்றிவிட்டு அவன் எழுந்து நின்றான். கிண்டியிலிருந்து நெட்டை என்று நான் நினைத்துவந்த ஆள் என் நெற்றி வரைக்கும்தான் இருந்தான். என்னைவிடக் குள்ளம்!

"எங்க மியூசிக் பேண்ட்ல நான்தான் முன்னாடி நின்னு வாசிக்கணும் மேன். பின்னாடி டிரம்ஸ்காரன் ஆறடி. இன்னா பண்றது?" என்று கண்ணடித்தான்.

அந்த மத்தியானம் எனக்கு ஒரு தைரியம் வந்தது. ஊரில் எத்தனை பேர் இப்படி நடமாடுகிறார்களோ என்று பிறகு ரயிலில் ஒவ்வொரு நெட்டையனையும் சந்தேகத்தோடு பார்த்தேன்.

இரண்டாம் ஜோடிக்கு நான் மாமு பாயின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். குதி நேராக இறங்கட்டும், அகலமாக இருக்கட்டும் என்றேன். வெளியே தெரிகிற உயரத்தைக் குறைப்பதற்கு, உள்ளே பாதத்துக்கு அடியில் தக்கையை ஆப்பு மாதிரி வைக்கலாம் என்பது நண்பன் சொன்ன யோசனை. முதலில் வைத்த தக்கை என் விரல்களை முன்னால் தள்ளி நசுக்கியது. செதுக்கிச் செதுக்கி, இரண்டு வாரத்தில் பொருந்தியது. குதிக்கு அடியில் ரப்பர் ஒட்டினோம், டக் டக் போய்விட்டது. பலிபீடத்தில் மண்டியிடும்போது சபைக்கு என் உள்ளங்கால்தானே தெரியும் என்ற பயம் வேறு. குதியின் பின்புறத்துக்கும் அடிக்கும் கறுப்புச் சாயம் ஏற்றச் சொன்னேன்.

கோட்டு சூட்டு தைக்கக் கொடுத்தபோது இதே பூட்ஸைப் போட்டுக்கொண்டுதான் டைலரிடம் அளவு கொடுத்தேன். பெல்பாட்டம் குதியை மூடித் தரைக்கு அரை விரல் மேலே நிற்கும்படி தைத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றேன். அம்மா கொஞ்ச நேரம் குழப்பமாகப் பார்த்தாள். "என்னடா, திடீர்னு உங்க தாத்தா மாதிரி இருக்கே?" என்றாள். தாத்தா ஆறடி. எனக்கு ஆகாயத்தில் மிதக்கிற மாதிரி இருந்தது. எல்லாம் யோசித்தாயிற்று, ஒன்றும் விடவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் பெண்ணுடைய சபையில். இரண்டு சபைகளிலும் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்பவர் உண்டா என்று ஆராதனையில் கேட்பதைத்தான் ஓலை வாசிப்பது என்போம். எங்கள் சர்ச்சில் வாசித்ததை நான் காதால் கேட்டேன். அவர்கள் சபையில் வாசித்தபோது நான் போகவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை அங்கே வந்து நிற்பது அவர்களுக்கு வழக்கமில்லை. ஆக, அந்தக் கட்டடத்தை நான் முதன்முதலில் பார்த்ததே கல்யாணத்தன்று காலையில்தான்.

பூ ஜோடித்த அம்பாசடரிலிருந்து இறங்கினேன். நிமிர்ந்து நின்றேன். நண்பன் என் கோட்டைச் சரிசெய்துவிட்டு, "மச்சான், ஹீரோடா" என்று காதில் சொன்னான். பெண்வீட்டுக் கூட்டத்தில் யாரோ, "மாப்ள வளத்தியாத்தான இருக்காரு!" என்றார்கள். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் ஆறு மாதம் ரயிலில் கால் பார்க்கத் தயாராக இருந்தேன்.

சின்ன சபை அது. முன்னால் ஓடு வேய்ந்த முகப்பு, இரண்டு படி. அந்தப் படிக்குப் பக்கத்தில் செருப்புகள் கிடந்தன. ஒன்றிரண்டு அல்ல; வந்திருந்த அத்தனை பேருடையதும். ரப்பர் செருப்பு, தோல் செருப்பு, குழந்தைகளின் பூட்ஸ், ஒரு ஜோடி பட்டுச் செருப்பு. நான் அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூளை வேலை செய்யவில்லை.

கோயில் பணியாளர், நரைத்த மனிதர், என்னை நெருங்கி மெதுவாகச் சொன்னார். "பூட்ஸ இங்கனயே கழத்திருங்க தம்பி."

"எல்லாருமா?"

"ஏன், உங்கள்ல செருப்புக்காலோடயா கோயிலுக்குள்ள போவீய?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். ஊரில் இருந்த வழக்கத்தையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். தாம்பரத்துக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது என்று நினைத்து, இங்கே என்ன வழக்கம் என்று நான் கேட்கவேயில்லை.

நண்பன் தலையில் அடித்துக்கொண்டான். "அடப்பாவி! மாமு அன்னிக்கே கேட்டாரேடா!"

கழற்றினேன். நாலு விரல் இறங்கினேன். அத்தோடு போயிற்றா? பேண்ட் இறங்கவில்லையே! குதிக்கு அளந்து தைத்த பெல்பாட்டம் காலைத் தாண்டித் தரையில் இரண்டு வாய்க்கால் மாதிரி ஓடியது. மடித்துவிட்டேன், அந்த அகலத்துக்கு மடிப்பு நிற்குமா? உள்ளே ஆர்மோனியம் ஆரம்பித்துவிட்டது. "நீ போ மச்சான், பூட்ஸ நான் பாத்துக்கறேன்" என்று நண்பன் இரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டான்.

வழுக்குகிற காலுறையோடு, பேண்டை இரண்டு பக்கமும் விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துபோய்ப் பலிபீடத்துக்கு முன்னால் நின்றேன். அழுகை வந்தது, உண்மையைச் சொல்கிறேன். எனக்காக அல்ல. அவள் வருவாள், என்னைப் பார்ப்பாள், மடங்குவாள். ஆறு மாதம் நான் ஓடியது எல்லாம் இந்த ஒன்றைத் தடுக்கத்தானே?

அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைப் பட்டு, தலையில் மெல்லிய வலைத்துணி. பக்கத்தில் வந்து நின்று ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தாள். மெல்ல, ஒரு பாட்டு நேரத்துக்குள், கீழே இறங்கினாள். சேலையின் கொசுவம் தரையில் மடிவதை வைத்து எனக்குத் தெரிந்தது. முதல் பெஞ்சில் அத்தை திருப்தியாகத் தலையசைத்தார். ஜெபத்தின்போது அவள் கைப்பூச்செண்டு நடுங்க ஆரம்பித்தது. சபை அதைக் கூச்சம் என்று நினைத்திருக்கும். எனக்குத் தெரியும் அது எது என்று.

"நிமிர்ந்து நில்லுங்க" என்று உதட்டை அசைக்காமல் சொன்னேன்.

"அத்தை பாக்காங்க."

"பாக்கட்டும். உங்க முட்டி போயிடும்."

அவள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள். பதில் சொல்வதற்குள் போதகர் தாலியை எடுத்து ஜெபித்து, என்னை முன்னால் வரச் சொன்னார். வந்தேன். பேண்டைப் பிடித்திருந்த விரல்களை விட்டுவிட்டுக் கையை நீட்ட வேண்டியிருந்தது. ஒரு அடி வைத்தேன். என் வலது கால் என் இடது கால் பேண்டை மிதித்தது. காலுறை வழுக்கியது. தாலியோடு முன்னால் சாய்ந்தேன்.

அவள்தான் பிடித்தாள். பூச்செண்டைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் என் தோளைப் பற்றி இழுத்து நிறுத்தினாள். முழங்காலை மடக்கிக்கொண்டு யாரையும் தாங்க முடியாது. அவள் நிமிர்ந்துவிட்டிருந்தாள், முழு உயரத்துக்கும், சபை முழுக்கப் பார்க்க. எங்கேயோ ஒரு சிரிப்பு ஆரம்பித்துப் பின்பெஞ்சு வரை ஓடியது. போதகரே சிரிப்பை அடக்க வேதப்புத்தகத்தைப் புரட்டினார்.

"ஏட்டி, குனி" என்று அத்தையின் குரல் கேட்டது.

அவள் குனியவில்லை. என்னைப் பார்த்தாள். நான் நுனிக்காலில் எம்பி, கையைத் தூக்கித் தாலியைக் கட்டினேன். மூன்று முடிச்சும் சரியாக விழுந்தது. முக்காலி தேவைப்படவில்லை.

வெளியே வந்ததும் நண்பன் பூட்ஸை நீட்டினான். போட்டோவுக்காவது போட்டுக்கொள் என்றான். மொத்த ஊரும் பார்த்த பிறகு யாருக்காகப் போடுவது? வேண்டாம் என்றேன். போட்டோக்காரர் பெண்ணை மட்டும் ஒரு படி கீழே இறங்கச் சொன்னார். "நாங்க ஒரே படியிலதான் நிப்போம்" என்று அவளே சொல்லிவிட்டாள். அந்தப் படத்தில் என் காலைச் சுற்றித் துணி குவிந்து கிடக்கிறது. அவள் நெற்றி படத்தின் மேல்விளிம்பைத் தொடுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் தாம்பரம் வீட்டில், அவள் கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது பூட்ஸ் வெளியே வந்தது. கையில் எடுத்தவள், "இவ்வளவு கனமா இருக்கே, உள்ள என்ன?" என்று கேட்டாள். தக்கையை எடுத்துக் காட்டினேன். ரயில், ஹெட்மிஸ்ட்ரஸ், கிடார்க்காரன் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் முட்டிய மடக்குனது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள்.

நான் ஒரு தட்டையும் தம்ளரையும் எடுத்து வந்து நின்று காட்டினேன். தொடை நடுங்கித் தம்ளர் உருண்டது. அவள் சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சர் டிரெய்னிங்ல எல்லாப் பிள்ளையளும் ஆண்டு விழாவுக்கு ஹை ஹீல்ஸ் போட்டாங்க. நானும் கேட்டேன். ஏற்கெனவே பனைமரம், உனக்கு எதுக்குட்டின்னு அத்தை சொல்லிட்டாங்க" என்றாள்.

பிறகு தரையில் உட்கார்ந்து என் பூட்ஸுக்குள் காலை விட்டாள். அவள் பாதத்துக்குச் சரியாக இருந்தது. கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்தாள். முதலில் தள்ளாடினாள். அப்புறம் கையை எடுத்துவிட்டுக் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். வாசல் நிலையை எட்டியதும் இடித்துக்கொள்ளாமல் நின்று, உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்த்தாள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு அழகான ஒருத்தியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அங்கிருந்து குனிந்து என்னைப் பார்த்து, "இன்னும் ரெண்டு விரல் சேத்து வைக்கச் சொல்லியிருக்கலாம்லா?" என்றாள்.